ஏப்பத்தில் போகும் பால்

மாலையில் மாடு தொழுவத்தில் படுத்ததும் என் பாட்டி அதன் வாயைத்தான் முதலில் பார்ப்பார். தாடை பக்கவாட்டில் அசைந்துகொண்டிருந்தால் அவருக்கு நிம்மதி. அசை போடாமல் கிடந்தால் இடப்பக்க வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். உப்புசம் என்று தெரிந்தால் இஞ்சி, மிளகு, பெருங்காயத்தை இடித்து வெற்றிலையில் வைத்து உருட்டி, மாட்டின் நாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளுவார். கொஞ்ச நேரம் கழித்து மாடு பெரிதாக ஒரு ஏப்பம் விடும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பாட்டி சாப்பிட உட்காருவார்.

ஏப்பம் விடாத மாடு செத்துப்போகும். அது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு ஏப்பத்திலும் தான் போட்ட தீவனத்தில் ஒரு பங்கு காற்றோடு போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

இந்தியாவில் கறவையில் இருக்கும் ஒரு பசுவோ எருமையோ நாளொன்றுக்குச் சராசரியாக 200 லிட்டர் மீத்தேன் வாயுவை வெளியே விடுகிறது. வளரும் கிடேரிக்கு 85 முதல் 95 லிட்டர். பெரிய செம்மறி ஆட்டுக்கு 20, 25 லிட்டர். கறவை மாட்டின் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 50 கிலோ மீத்தேன். அவ்வளவையும் பிடித்து எரிக்க முடிந்தால் கிடைக்கும் வெப்பம், வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் நான்கு தரும் வெப்பத்துக்குச் சமம். வைக்கோலாக, தவிடாக, புண்ணாக்காக, காசு கொடுத்து வாங்கிப் போட்டதிலிருந்து போன வெப்பம் அது.

மாட்டு மீத்தேனைப் பற்றிய பேச்சு எப்போதும் வானத்திலிருந்தே தொடங்குகிறது: புவி வெப்பம், பனிப்பாறை, உலக மாநாடு. அவை எல்லாமே உண்மை. ஆனால் இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் அந்தப் பேச்சோடு போனால், கேட்டுவிட்டுத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். ஏப்பத்தில் போவது உங்கள் பால் என்று தொடங்கினால் நின்று கேட்பார். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

ஓசூரிலிருந்து பெங்களூருக்குள் வரும் பேருந்து சில்க் போர்டு, மடிவாளா நெரிசலைத் தாண்டினால் ஆடுகோடி. அங்கே இருக்கிறது தேசிய விலங்கு ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1995 நவம்பரில் தொடங்கப்பட்டது. அந்தப் பகுதிக்குக் கால்நடை ஆராய்ச்சியில் இன்னும் பழைய வரலாறு உண்டு. இன்று கர்னாலில் இயங்கும் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1923-ல் இந்த ஊரில்தான் அடித்தளம் போட்டார்கள். 1927-ல் உடல்நலம் தேற பெங்களூரில் தங்கியிருந்த காந்தி, அங்கே போய் மாடு வளர்ப்பையும் பால் பண்ணை நடத்துவதையும் கற்றுக்கொண்டார். தலைமையகம் 1955-ல் கர்னாலுக்குப் போய்விட்டது. தென்மண்டல நிலையம் ஆடுகோடியிலேயே இருக்கிறது.

மாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது, என்னைக் கேட்டால், இந்த விஷயத்தின் மிக அழகான பகுதி.

மாட்டால் புல்லைச் செரிக்க முடியாது. வைக்கோலில் உள்ள நார்ச்சத்தை உடைக்கும் நொதி அதன் உடம்பில் சுரப்பதில்லை. அந்த வேலைக்கு அது கூலியாட்கள் வைத்திருக்கிறது. நான்கு அறைகள் கொண்ட இரைப்பையில் முதல் அறையான பெருவயிறு, ரூமன் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது, பெரிய மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் புளிப்புத்தொட்டி. ஆக்சிஜன் கிடையாது, வெப்பம் எப்போதும் 39 டிகிரி அளவில். அதில் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடிக்கும் மேல் பாக்டீரியாக்கள். அவற்றோடு ஓரணு உயிரிகளான புரோட்டோசோவாக்கள், பூஞ்சைகள். இட்லி மாவு இரவெல்லாம் புளிப்பதைப் போல அங்கே தீவனம் ஓயாமல் புளிக்கிறது. அந்தப் புளிப்பில் உண்டாகும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள்தான் மாட்டின் சாப்பாடு. மாடு வாழ்வது புல்லால் அல்ல, இந்த அமிலங்களால்.

அசிட்டிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் உண்டாகும்போது ஹைட்ரஜன் மிஞ்சும். அது தேங்கினால் புளிப்பே நின்றுபோகும். யாராவது அதை அள்ள வேண்டும். அந்த வேலையை ஆர்க்கியா என்ற மிகப் பழைய நுண்ணுயிர்கள் செய்கின்றன. பூமியில் ஆக்சிஜன் சேர்வதற்கு முன்பிருந்தே வாழ்ந்துவரும் பரம்பரை அவை. ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேனாக்கி விட்டுவிடும். மீத்தேனால் மாட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. ஏப்பமாக வெளியே வருகிறது. பின்பக்கமாகப் போவது மிகக் குறைவு, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தின்ற தீவனத்தின் மொத்த ஆற்றலில் இப்படி இழப்பது தீவனத்தைப் பொறுத்து 12 சதவீதம் வரை போகலாம். காய்ந்த வைக்கோல், தட்டை என்று நார் அதிகமான தீவனத்தில் இழப்பும் அதிகம்.

ஹைட்ரஜனை அள்ள இன்னொரு வழியும் அதே வயிற்றில் இருக்கிறது. புரோப்பியானிக் அமிலம் உண்டாகும்போது ஹைட்ரஜன் செலவாகிறது. அந்த அமிலத்தை மாட்டின் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றுகிறது. குளுக்கோஸிலிருந்து மடி பாலின் சர்க்கரையைச் செய்கிறது. சுரக்கும் பாலின் அளவைத் தீர்மானிப்பதே அந்தச் சர்க்கரைதான். ஆகவே கேள்வி இதுதான்: மீத்தேன் பக்கம் ஓடும் ஹைட்ரஜனைப் பாலின் பக்கம் எப்படித் திருப்புவது?

பெங்களூரில் கிடைத்த பதில் புளியங்கொட்டையின் தோல்.

நம் வீடுகளில் புளியங்கொட்டை தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் போகும். வறுத்து, தோலை உடைத்துவிட்டு வெள்ளைப் பருப்பைக் கடித்துத் தின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பார்கள். தோலோடு கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்புக்குப் பெயர் டானின். தோலைப் பதனிடப் பயன்படுத்தும் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருப்பது அதே இனம்தான். ஆலைகளில் கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி, பருப்பை மாவாக்கித் துணிக்குக் கஞ்சி போட அனுப்புகிறார்கள். தோல் கழிவாக மிஞ்சுகிறது.

ராகவேந்திர பட்டா, யு. கிருஷ்ணமூர்த்தி உள்ளிட்டோர் இந்தத் தோலைக் கலப்பினக் கறவை மாடுகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. அப்போது அவர்கள் ஆராய்ந்தது வேறு. டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பெருவயிற்றில் பாக்டீரியாக்கள் சிதைத்துவிடாமல் பாதுகாத்து, அடுத்து அமிலம் மிகுந்த நான்காம் அறைக்குப் போனதும் விட்டுவிடும். விலை கொடுத்து வாங்கிய புண்ணாக்கின் புரதம் வீணாகாமல் மாட்டுக்குச் சேரும். பின்னாளில் பட்டா ஆடுகோடி நிறுவனத்தில் இதே டானினை மீத்தேன் பக்கமிருந்து ஆராய்ந்தார்; அந்த நிறுவனத்தின் இயக்குநராகவும் ஆனார். டானின் சேரும்போது புரோட்டோசோவாக்களின் எண்ணிக்கை குறைகிறது. பெருவயிற்றில் ஹைட்ரஜனை அதிகம் உண்டாக்குபவை அவை. மீத்தேன் செய்யும் ஆர்க்கியாக்களில் ஒரு பகுதி அவற்றின் உடம்போடு ஒட்டிக்கொண்டே பிழைக்கிறது. இருப்பிடம் குறைந்தால் குடியிருப்பவரும் குறைவார்.

அந்த நிறுவனத்திலிருந்து முதலில் புளியங்கொட்டைத் தோலை வைத்து 'டாமரின் பிளஸ்' என்ற தீவனச் சேர்க்கை வந்தது. பிறகு நாட்டில் தாராளமாகக் கிடைக்கும், டானின் மிகுந்த தாவரப் பொருள்களைச் சேர்த்து 'ஹரித் தாரா'. 2021-ல் அது பரவலாகப் பேசப்பட்டபோது நிறுவனம் சொன்ன விவரங்கள் இவை: மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறையும், விலை கிலோவுக்கு ஏறக்குறைய 6 ரூபாய், நாளொன்றுக்கு அரைக் கிலோ போட்டால் 300 முதல் 400 மில்லிலிட்டர் வரை பால் கூடும், பெருவயிறு முழுமையாக வளர்ந்த, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கால்நடைகளுக்கு மட்டுமே கொடுக்கலாம்.

காகிதத்தை எடுத்து நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன்.

200 லிட்டரில் 20 சதவீதம், 40 லிட்டர். ஒரு லிட்டர் மீத்தேனில் சுமார் 9.4 கிலோ கலோரி. ஆக ஒரு நாளைக்கு 375 கிலோ கலோரி மிச்சம். உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 60 சதவீதம் பாலாக மாறும் என்று வைத்தால் 225. பசும்பாலில் லிட்டருக்கு 650, 700 கிலோ கலோரி இருக்கும். அப்படியானால் கூடுதல் பால் 300 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். நிறுவனம் சொன்ன எண்ணுக்கு இது பொருந்தி வருகிறது. மிகைப்படுத்திச் சொன்ன எண் அல்ல அது என்று எனக்குத் தைரியம் வந்தது இந்தக் கணக்கால்தான்.

அடுத்தது பணக்கணக்கு. நாளைக்கு 300 மில்லிலிட்டர், கறவை 300 நாள் என்றால் 90 லிட்டர். லிட்டருக்கு 30 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 2700 ரூபாய். அறிமுக விலைப்படி ஹரித் தாராவுக்கான செலவு 900 ரூபாய். மிச்சம் 1800. இதே மீத்தேன் குறைப்பைக் கார்பன் சந்தையில் விற்கப் போனால் என்ன கிடைக்கும்? ஆண்டுக்கு மிச்சமாகும் மீத்தேன் சுமார் 10 கிலோ. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆக, 280 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். டன்னுக்குப் பத்து டாலர் என்று வைத்தால் மூன்று டாலர்கூடத் தேறாது. நம் காசில் 250 ரூபாய் அளவு. அதிலும் அளப்பவர், சரிபார்ப்பவர், தரகர் எல்லாரும் எடுத்துக்கொண்டது போகத்தான் மாட்டுக்காரருக்கு. கார்பன் பணத்தைக் காட்டி உழவர்களிடம் பேசும் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்தப் பொருள் நிற்க வேண்டுமானால் பாலால்தான் நிற்க வேண்டும்.

அங்கேதான் சோதனையும் இருக்கிறது. மிச்சப்பட்ட ஆற்றல் கட்டாயம் பாலாகத்தான் மாறும் என்று மாடு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. வெளிநாடுகளில் வேறு பொருள்களைக் கொண்டு மீத்தேனைக் கால் பங்குக்கும் மேல் குறைத்த ஆய்வுகளில், பல நேரம் பால் கூடவில்லை. ஹைட்ரஜன் புரோப்பியானிக் அமிலமாகாமல் ஹைட்ரஜனாகவே ஏப்பத்தில் போய்விடுகிறது. டானினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அளவு மிஞ்சினால் துவர்ப்பு தாங்காமல் மாடு தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். நார் செரிப்பதும் குறையும். உணவில் இரண்டு மூன்று சதவீதம் நன்மை செய்யும் டானின், ஐந்தைத் தாண்டினால் தீமை செய்யத் தொடங்கும். புண்ணாக்கும் அடர்தீவனமும் வாங்கிப் போட முடியாமல் வெறும் தட்டையில் வளரும் மாட்டுக்குப் புரதமே பற்றாக்குறை. அதன் வயிற்றில் டானின் போய் இருக்கும் புரதத்தையும் பிடித்துக்கொண்டால், நுண்ணுயிர்களுக்கு என்ன மிஞ்சும்? ஆராய்ச்சி நிலையத்தில் நன்றாகத் தின்னும் மாட்டுக்கும் கோலாரில் கேழ்வரகுத் தாளைத் தின்னும் மாட்டுக்கும் ஒரே அளவு பொருந்துமா என்பதை ஊர் ஊராகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பார்ப்பதும் எளிதல்ல. மேயப் போகும் மாட்டின் ஏப்பத்தை அளக்க, சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற வாயு மெதுவாகக் கசியும் ஒரு சிறு உலோகக் குழலை அதன் பெருவயிற்றுக்குள் போடுகிறார்கள். கசியும் வேகம் முன்பே தெரியும். மூக்கருகே ஒரு மெல்லிய குழாய், கழுத்தில் காற்றை உறிஞ்சிச் சேர்க்கும் கலன். ஒருநாள் முழுக்கச் சேர்ந்த காற்றில் இரண்டு வாயுக்களும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்து மீத்தேனைக் கணக்கிடுகிறார்கள். ஒரு மாட்டுக்கே இவ்வளவு பாடு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19.2 கோடி மாடுகள், ஏறத்தாழ 11 கோடி எருமைகள்.

அந்த எண்ணிக்கைதான் உலக மேடையில் நம்மை நோக்கி விரல் நீட்ட வைக்கிறது. நம் நாட்டின் பசுங்குடில் வாயுக்களில் வேளாண்மையின் பங்கு 2016 கணக்குப்படி 14 சதவீதம். அதில் பாதிக்கு மேல் கால்நடையின் வயிற்றுப் புளிப்பிலிருந்து வருகிறது. 2021-ல் கிளாஸ்கோவில், 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று பல நாடுகள் உறுதிமொழி எடுத்தபோது இந்தியா சேரவில்லை. சேராதது சரி என்றே நான் நினைக்கிறேன். ஒன்றிரண்டு மாட்டை நம்பிக் குழந்தைகளைப் படிக்கவைக்கும் குடும்பத்தின் வயிற்றுப்பாட்டையும், நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரே கொட்டகையில் வைத்து இறைச்சிக்கு வளர்க்கும் பண்ணையின் லாபத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. டென்மார்க் 2030 முதல் கால்நடை வெளியிடும் வாயுவுக்கு வரி போட முடிவெடுத்திருக்கிறது. நியூசிலாந்து அப்படி ஒரு திட்டத்தைப் போட்டு, உழவர்கள் டிராக்டரோடு தெருவுக்கு வந்த பிறகு 2024-ல் கைவிட்டது. நம் ஊரில் அந்தப் பேச்சே எழக் கூடாது.

அந்த நாடுகள் நம்பியிருக்கும் பொருள்கள் நமக்கு அப்படியே பொருந்துவதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022-லும் அமெரிக்கா 2024-லும் அனுமதித்த 'போவேர்' என்ற ரசாயனம், மீத்தேன் உண்டாகும் கடைசிப் படியில் இருக்கும் நொதியை அடைக்கிறது. கறவை மாடுகளில் 30 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது. கால் தேக்கரண்டி போதும். ஆனால் அது வயிற்றில் நெடுநேரம் தங்காது. ஒவ்வொரு வாய்த் தீவனத்தோடும் சேர்ந்து போனால்தான் வேலை செய்யும். எல்லாத் தீவனத்தையும் இயந்திரத்தில் ஒன்றாகக் கலந்து நாள் முழுக்க முன்னால் கொட்டிவைக்கும் பண்ணைக்கு அது சரி. காலையிலும் மாலையிலும் பால் கறக்கும்போது மட்டும் ஒரு சட்டி தவிடு வைத்து, இடையில் ஏரிக்கரைக்கு ஓட்டிவிடும் நம் வழக்கத்துக்கு அது சேராது. ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்த ஆஸ்பராகாப்சிஸ் என்ற செங்கடற்பாசி சில சோதனைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குறைத்தது. அதன் வேலையைச் செய்வது புரோமோஃபார்ம் என்ற பொருள். அது பாலில் எவ்வளவு வரும் என்ற கேள்வி கூடவே வருகிறது. 2024 இறுதியில் பிரிட்டனில் சில பண்ணைகளில் போவேர் கொடுத்துப் பார்க்கப்போவதாக அறிவிப்பு வந்ததும், அரசு அமைப்புகள் பாதுகாப்பானது என்று சொல்லியும், மக்கள் பாலைக் கழிவுத்தொட்டியில் ஊற்றிப் படம் எடுத்துப் போட்டார்கள். பால் நம்பிக்கையில் ஓடும் பொருள். நம் பக்கம் மாட்டுக்குப் புளியங்கொட்டை கொடுக்கிறோம் என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். அதுவும் ஒரு பலம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மீத்தேனைக் குறைக்க முதல் மருந்து எந்தப் பொட்டலத்திலும் இல்லை. சரியான தீவனத்தில் இருக்கிறது. நாளைக்கு மூன்று லிட்டர் கறக்கும் மாடும் பத்து லிட்டர் கறக்கும் மாடும் உயிரோடு இருப்பதற்கே ஒரு பங்கு தீவனம் தின்றாக வேண்டும். அதற்கான ஏப்பத்தை விட்டாக வேண்டும். கறக்கும் பால் கூடக்கூட, ஒரு லிட்டர் பாலுக்கு விழும் ஏப்பம் குறையும். தேசியப் பால் திட்டத்தில் 2012 தொடங்கி, கிராமத்திலேயே ஒருவரைப் பழக்கி, கையில் கணினி கொடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் தட்டை எவ்வளவு, பசும்புல் எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு என்று கேட்டு, எதை எவ்வளவு போட வேண்டும், தாது உப்பு எத்தனை கிராம் என்று சொல்லவைத்தார்கள். செலவு குறைந்தது, பால் கொஞ்சம் கூடியது, லிட்டருக்கான மீத்தேனும் குறைந்தது. பலருக்கு அது வெறும் தாது உப்பும் ஒரு கட்டுப் பசும்புல்லும் கூட்டியதால் நடந்தது. இந்த அடிப்படையைச் செய்யாமல் ஹரித் தாராவை மட்டும் கொண்டுபோய்ப் போட்டால், பசித்தவனுக்குச் செரிமானச் சூரணம் கொடுப்பதாகிவிடும்.

பெங்களூர் மாடுகளையே பாருங்கள். நகரத்துக்குள் வளர்பவை கே.ஆர். மார்க்கெட்டின் முட்டைக்கோஸ் இலை, பீர் ஆலைச் சக்கை, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரியோரம் கழிவுநீரில் வளரும் புல் இவற்றில் பிழைக்கின்றன. முப்பது கிலோமீட்டர் வெளியே போனால் கேழ்வரகுத் தாள், மக்காச்சோளத் தட்டை, நேப்பியர் புல். ஒரே ஊருக்குப் பால் தரும் இந்த இரண்டு வகை மாடுகளின் வயிறும் ஒன்றல்ல. ஒரே பொட்டலத்தை இரண்டுக்கும் கொடுத்து ஒரே பலனை எதிர்பார்ப்பது தவறு.

சரக்கும் எவ்வளவு கிடைக்கும்? நாளைக்கு அரைக் கிலோ என்றால் ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு 180 கிலோவுக்கு மேல். நாட்டில் புளி விளைவது ஆண்டுக்குச் சில லட்சம் டன். அதில் மூன்றில் ஒரு பங்கு கொட்டை. கொட்டையில் கால் பங்குக்குச் சற்று மேல் தோல். எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும், நாட்டில் உள்ள எல்லாப் புளியங்கொட்டைத் தோலையும் ஒன்று விடாமல் சேர்த்தாலும், இரண்டு மூன்று லட்சம் மாடுகளுக்கு மேல் வராது. கோடிக்கணக்கான மாடுகளுக்குப் புளி ஒன்றே போதாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் கிடைக்கும் துவர்ப்பு மரங்களைத் தேட வேண்டும். தேடும்போது கவனமும் வேண்டும். இன்று கழிவு என்று கிலோ சில ரூபாய்க்குக் கிடைப்பது, பெரிய தீவன ஆலைகள் வாங்கத் தொடங்கிய மறுநாள் அந்த விலைக்குக் கிடைக்காது. விலை ஏறினால் சிறிய மாட்டுக்காரருக்கு எட்டாது. நந்தினி, ஆவின் போன்ற கூட்டுறவுகள் தங்கள் கலப்புத் தீவன மூட்டையிலேயே சேர்த்துக் கொடுத்தால்தான் தனியே வாங்கும் சுமை இல்லாமல் அது தொழுவத்துக்குப் போய்ச் சேரும்.

விலை ஏறினால் அதில் ஒரு பங்கு எங்கே போக வேண்டும் என்பதையும் இப்போதே பேசிவிடலாம். மாசி, பங்குனியில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் போனால் வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஓடு உடைப்பார், ஒருவர் நார் எடுப்பார், ஒருவர் கொட்டை எடுப்பார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனியெல்லாம் புளிப்பு ஏறி வெடித்திருக்கும். மாலையில் வியாபாரியின் வண்டி வரும்; புளி ஒரு கூடையிலும் கொட்டை ஒரு சாக்கிலும் எடை போடப்படும். அந்தச் சாக்கிலிருந்துதான் ஆலைக்கும், ஆலையிலிருந்து தோலாக மாட்டின் தொட்டிக்கும் வழி.